'கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு': பார்ப்பது மட்டுமா, தெரிந்துகொள்வதுமா?

அச்சுப்பிழை (இழையைத் தொடங்கியவர்)

மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்து பிழைக்கிறவன் நான். போன வாரம் ஒரு நிறுவனத்துக்குக் கணினிப் பாதுகாப்புக் கையேடு எழுதிக் கொடுத்தேன். புதிதாகச் சேரும் ஊழியர்களுக்கானது. போலி மின்னஞ்சல், திருட்டு இணைப்பு, கடவுச்சொல், இதெல்லாம்தான். ஆங்கில மூலத்தில் ஒவ்வோர் அத்தியாயமும் ஒரே வரியில் முடியும். சுற்றி என்ன நடக்கிறது என்று தெரிந்துவைத்திருங்கள், அசந்துவிடாதீர்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லும் ஒரு மரபுத்தொடர். எனக்கு முன்னால் யாரோ அதைத் தமிழில் 'உங்கள் காதைத் தரையில் வைத்திருங்கள்' என்று போட்டு வைத்திருந்தார்கள். படித்ததும் அலுவலகமே வரிசையாகக் குப்புறப் படுத்துக் கிடக்கும் காட்சிதான் வந்தது. அதை அடித்துவிட்டு 'கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருங்கள்' என்று எழுதினேன்.

மேலே சரிபார்ப்பவர் ஒத்துக்கொள்ளவில்லை. "இது பார்ப்பதைப் பற்றிய தொடர். தெரிந்துவைத்திருப்பதைப் பற்றி இதில் ஒன்றுமே இல்லை. வாசலில் இருக்கிற காவலாளி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்காரலாம். ஊரில் திருடர்கள் இப்போதெல்லாம் எந்த வழியாக வருகிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கிறார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. அதனால் இங்கே வந்தேன். அவர் சொல்வது சரியா? அப்புறம், இத்தனை எண்ணெய் இருக்க, கண்ணுக்கு ஏன் விளக்கெண்ணெய்? யாராவது உண்மையில் விட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

இரட்டைக்கிளவி

உங்கள் மேலாளர் பக்கம்தான் நான். ஒரு மரபுத்தொடரின் பொருளைத் தெரிந்துகொள்ள எனக்குப் பிடித்த வழி, அதற்குப் பின்னால் என்னென்ன வினைச்சொல் வருகிறது என்று பார்ப்பது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என்ன செய்கிறோம்? பார்க்கிறோம், தேடுகிறோம், காவல் காக்கிறோம், கணக்குச் சரிபார்க்கிறோம், விடைத்தாள் திருத்துகிறோம். கேட்பது இல்லை. கற்பது இல்லை. எல்லாமே கண்ணுக்கு நேரே ஒரு பொருள் இருந்து, அதில் ஒரு தப்பு நடந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிற இடங்கள்.

இன்னொன்று, இது ஆயுள் முழுக்கச் செய்கிற காரியம் அல்ல. வாக்கு எண்ணி முடிகிறவரை, தாள் திருத்தி முடிகிறவரை. வேலை முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விடலாம். 'எப்போதும்' என்ற சொல்லோடு அவ்வளவாக ஒட்டாது.

கரிசல்காடு

இரட்டைக்கிளவி அண்ணாச்சி புத்தகத் தமிழை வைத்துப் பேசுகிறார். பேச்சில் அப்படி இல்லை. "இடம் வாங்கப் போறியா? கண்ணுல விளக்கெண்ணெய ஊத்திக்கிட்டு விசாரிக்கணும்" என்று எங்கள் பக்கம் சர்வ சாதாரணமாகச் சொல்வார்கள். விசாரிப்பது கண்ணால் செய்கிற வேலையா? வில்லங்கச் சான்று எடுப்பது, மூலப்பத்திரம் யார் கையில் இருக்கிறது என்று நாலு பேரிடம் கேட்பது, பக்கத்து நிலத்துக்காரரிடம் பேச்சுக் கொடுப்பது, எல்லாம் சேர்ந்ததுதான் அந்த விளக்கெண்ணெய். தகவல் திரட்டுவதும் அதில் அடக்கம்.

தவிர, 'விளக்கெண்ணெய் விட்டுத் தேடினாலும் கிடைக்காது' என்றும் சொல்கிறோமே. அங்கே காவலும் இல்லை, பயமும் இல்லை. வெறும் தேடல்.

இரட்டைக்கிளவி

'விசாரிக்கணும்' நல்ல எடுத்துக்காட்டு. மறுக்க முடியவில்லை. ஆனால் கவனியுங்கள், அங்கேயும் முன்னால் ஒரு பத்திரம் இருக்கிறது. பத்திரப்பதிவு முடிந்ததும் விசாரிப்பும் முடிந்தது.

இராக்காவல்

எண்ணெய் விட்டுப் பார்த்தவன் இருக்கிறேன், சொல்கிறேன்.

எட்டாம் வகுப்பு. விடிந்தால் கணக்குப் பரீட்சை. தூக்கம் வராமல் இருக்க இதுதான் வழி என்று நினைத்துக்கொண்டு (பழமொழியை அப்படியே நம்புகிற வயசு) சுண்டுவிரலால் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு விட்டுக்கொண்டேன். எரியும் என்று எதிர்பார்த்தேன். எரியவில்லை. கெட்டியாக, மெதுவாக, இமைக்கு அடியில் ஏதோ ஊர்வது போல இருந்தது. விளக்கைப் பார்த்தால் அதைச் சுற்றி வட்டம் வட்டமாக வளையம். புத்தகத்தில் 3 எது, 8 எது என்று தெரியவில்லை. கண்ணை மூடித் திறந்தால் சரியாகும் என்று மூடினேன். குளுகுளுவென்று இருந்தது. அவ்வளவுதான், விடிந்தது. இமைமயிர் ஒட்டிப்போய், தலையணையில் எண்ணெய்க் கறை. பரீட்சை என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள்.

இப்போது வேலை இரவு நேரக் கண்காணிப்பு அறையில். பதினாறு கேமராத் திரை. பழமொழியைக் கண்டுபிடித்தவர் அந்த எண்ணெயைத் தன் கண்ணில் விட்டுப் பார்த்திருக்கவே மாட்டார் என்பது என் உறுதியான கருத்து.

கண்ணாடிக்காரி

மேலே எழுதியிருப்பவர் அனுபவித்ததற்குக் காரணம் நேரானது. கண் பரிசோதனைத் தொழிலில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஆமணக்கு விதையிலிருந்து எடுக்கும் இந்த எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம். மற்ற எண்ணெய்களில் இது இந்த அளவுக்குக் கிடையாது. அதனால்தான் அந்தப் பிசுபிசுப்பு. அறைவெப்பத்தில் இதன் பிசுக்குமை சாதாரணச் சமையல் எண்ணெய்களைப் போலப் பத்து மடங்கு அளவுக்கு வரும். அவ்வளவு கெட்டியான ஒன்று கருவிழியின் மேல் மேடு பள்ளமாக நின்றால் ஒளி நேராக உள்ளே போகாது. வளையம் தெரிந்தது அதனால்தான். ஆக, பார்வை கூர்மையாகும் என்பது தவறு. மங்கும்.

ஆனால் பழமொழியை முழுக்கத் தள்ளிவிடவும் மனம் வரவில்லை. நம் கண்ணில் ஏற்கெனவே எண்ணெய் இருக்கிறது. கண்ணீர்ப் படலத்தின் மேலடுக்கு எண்ணெய்தான். இமை விளிம்பில் இருக்கும் நுண்சுரப்பிகள் அதைச் சுரக்கின்றன. அது இல்லாவிட்டால் அடியில் இருக்கும் நீர் சட்டென்று ஆவியாகிக் கண் வறண்டுவிடும். சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து இருபது தடவை இமைக்கிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது இது பெரிதும் குறைந்துவிடும். இரவில் பதினாறு திரை பார்க்கிறவருக்கு நான் சொல்லத் தேவையில்லை, மணல் விழுந்தது போல உறுத்துமே, அதுதான். கண்வறட்சிக்கான சில சொட்டு மருந்துகளில் தூய்மையாக்கிய ஆமணக்கெண்ணெய் உண்மையிலேயே சேர்க்கப்படுகிறது. 2002-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்து இந்த எண்ணெயில் செய்த பால்மம்தான். இமைக்காமல் உற்றுப் பார்க்கிறவருக்குக் கண்ணில் எண்ணெய்ப் பசை வேண்டும் என்ற அளவில் பழமொழி சொன்னது சரி.

வீட்டில் இருக்கிற புட்டியிலிருந்து யாரும் விட்டுக்கொள்ளாதீர்கள். அது கிருமி நீக்கியது அல்ல.

மட்டுறுத்துநர்

கடைசி வரியை எல்லாரும் இரண்டு தடவை படிக்கவும். 'தீப எண்ணெய்' என்று எழுதியிருப்பது வேறு கலவை, அது வாய்க்கும் ஆகாது, கண்ணுக்கும் ஆகாது.

புலவர்மகன்

இமைக்காமல் என்றதும் எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. தமிழில் காவல் என்றாலே இமைக்காமை. தேவர்களுக்கு இமையவர் என்றே பெயர். படைச்செருக்கு அதிகாரத்தில் 'விழித்தகண் வேல்கொண்டு எறிய அழித்திமைப்பின் ஓட்டன்றோ வன்க ணவர்க்கு' (775) என்று வருகிறது. வேல் பாய்ந்து வரும்போது கண் இமைத்துவிட்டாலே அது புறங்காட்டி ஓடியதற்குச் சமமாம். கம்பனில் குகன் பரதனிடம் இலக்குவனைப் பற்றிச் சொல்வது நினைவிருக்கும். இராமனும் சீதையும் உறங்க, வில்லை ஊன்றிய கையோடு, கண்கள் நீர் சொரிய, விடியும்வரை நின்றான், 'இமைப்பிலன் நயனம்' என்று முடிப்பான் குகன்.

கண்ணில் நீர் ஓடுகிறது, இமை மட்டும் அசையவில்லை. கண்ணாடிக்காரி அக்கா சொன்ன வறட்சியையும் நீரையும் கம்பன் ஒரே வரியில் வைத்துவிட்டான் போலிருக்கிறது. அதனால் என் முடிவு: இமை மூடாமல் இருக்க எண்ணெய். பழமொழியின் வேர் இமைப்பில்தான் இருக்கிறது.

இருமொழிக்காரி

நான் பிறந்த வீட்டில் தமிழ், புகுந்த வீட்டில் தெலுங்கு. என் மாமியார் யாருக்காவது ராத்திரி வெகுநேரம் காத்திருந்தால் 'கள்ளலோ வத்துலு வேசுகுனி' காத்திருந்தேன் என்பார். வத்துலு என்றால் திரிகள். கண்ணில் திரி போட்டுக்கொண்டு!

கல்யாணமான புதிதில் இதைக் கேட்டுச் சிரித்தேன். அப்புறம் ஒரு நாள் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது திடீரென்று பிடிபட்டது. தெலுங்கில் திரி. தமிழில் எண்ணெய். அதுவும் சும்மா எண்ணெய் இல்லை, விளக்கு எண்ணெய். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கண் என்பது அகல்! எண்ணெய் குறையாமல் விட்டுக்கொண்டே இருந்தால் விடியும்வரை எரியும். மருந்தும் இல்லை, இமையும் இல்லை. விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்கிற வேலை.

நீங்கள் எல்லாரும் ஆமணக்கெண்ணெய் என்று நினைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறீர்கள். பெயரிலேயே விளக்கு இருக்கிறதே.

கரிசல்காடு

அடி சக்கை.

இராக்காவல்

முப்பது வருடத்துக்கு முன்னால் இந்த அக்காவைச் சந்தித்திருந்தால் கணக்கில் தேறியிருப்பேன்.

இரட்டைக்கிளவி

அழகாகத்தான் இருக்கிறது. அழகாக இருப்பதாலேயே கொஞ்சம் சந்தேகப்படுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மராத்தியில் 'டோள்யாத் தேல் காலூன்' என்று இதே தொடர் உண்டு, கண்ணில் எண்ணெய் விட்டுக் காவல் காப்பது. மலையாளத்தில் 'கண்ணில் எண்ணயொழிச்சு' காத்திருப்பார்கள். கன்னடத்திலும் கண்ணுக்கு எண்ணெய் விட்டுக் காப்பது உண்டு. இவற்றில் எல்லாம் வெறும் எண்ணெய்தான், விளக்கு என்ற பேச்சே இல்லை. தமிழில் மட்டும்தான் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெயரும் ஒரு தற்செயலாக இருக்கலாம். எண்ணெய் என்பதே எள் + நெய். ஆனாலும் தேங்காயெண்ணெய் என்கிறோம், அதில் எள் எங்கே? சொல் பழகிவிட்டால் உள்ளே இருப்பது செத்துப்போகும். விளக்கெண்ணெய் என்று சொல்கிறவர் யாரும் விளக்கை நினைப்பதில்லை. 'போடா விளக்கெண்ணெய்' என்று திட்டும்போது எந்த விளக்கு எரிகிறது?

கரிசல்காடு

இதை நானே கேட்க நினைத்தேன். மந்தமான ஆளையும் விளக்கெண்ணெய் என்கிறோம், மகா உஷாரான ஆளும் அதைத்தான் கண்ணில் விட்டுக்கொள்கிறார். ஒரே எண்ணெய். பாத்திரத்தைப் பொறுத்து.

இருமொழிக்காரி

இரட்டைக்கிளவி ஐயா, நீங்கள் சொன்ன மூன்று மொழியிலும் எண்ணெய் இருக்கிறது, தெலுங்கில் திரி இருக்கிறது. எல்லாம் அக்கம்பக்கத்து மொழிகள்தானே? ஒரே படத்தில் ஆளுக்கு ஒரு பாகத்தைப் பிடித்துக்கொண்டது போலத்தான் எனக்குப் படுகிறது. கண் மருந்து என்று வைத்துக்கொண்டால் தெலுங்குக்காரர்கள் ஏன் கண்ணில் திரியைத் திணித்துக்கொள்கிறார்கள், அதற்குப் பதில் சொல்லுங்கள்.

இரட்டைக்கிளவி

திரிக்குப் பதில் இல்லை. அது என்னை உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது. (கண்ணில் திரி விழுந்தால் உறுத்தத்தானே செய்யும்.)

நாகலிங்கப்பூ

இழையைத் திசைதிருப்புகிறேனோ தெரியவில்லை. 'கண்கொத்திப் பாம்பாய்ப் பார்ப்பது' என்றும் ஒன்று இருக்கிறதே? அச்சுப்பிழை அதைப் போட்டிருக்கலாமே?

கரிசல்காடு

போட்டிருந்தால் வேலை போயிருக்கும். மாமியார் மருமகளைப் பார்ப்பது, மேலதிகாரி எப்போது தாமதமாக வருவோம் என்று பார்ப்பது, இதெல்லாம்தான் கண்கொத்திப் பாம்பு. குற்றம் கண்டுபிடிக்கக் காத்திருக்கும் பார்வை. நம்மை நாமே அப்படிச் சொல்லிக்கொள்ள மாட்டோம், அடுத்தவரைத்தான் சொல்வோம். விளக்கெண்ணெய் நாமே நம் கண்ணில் விட்டுக்கொள்வது, அதில் பெருமை உண்டு.

பாம்பைப் பற்றிச் சொல்வதானால், கொடிபோல் மெலிந்த அந்தப் பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும் என்பது வெறும் நம்பிக்கை. ஆனால் அதன் பார்வை நிஜமாகவே விசேஷம். கண்ணின் பாப்பா படுக்கைவாட்டில் சாவித்துளை போல இருக்கும், இரண்டு கண்ணையும் சேர்த்து முன்னால் குறிவைத்துப் பார்க்கும். பாம்புக்கு இமையே கிடையாது. புலவர்மகன் குறித்துக்கொள்ளலாம், இமையவர் பட்டியலில் இதுவும் உண்டு.

அச்சுப்பிழை

எல்லாருக்கும் நன்றி. விளக்கா இமையா என்பது சுவையாகத்தான் இருக்கிறது, ஆனால் என் மேலாளரின் கேள்வி அப்படியே நிற்கிறது. இரண்டு வழியில் பார்த்தாலும் இது தூங்காமல் இருப்பதைப் பற்றியது. தெரிந்துவைத்திருப்பது எங்கே?

காது பக்கம் தேடிப் பார்த்தேன். 'காதைத் தீட்டிக்கொண்டு' என்று எழுதிப் பார்த்தேன், ஒட்டுக்கேட்கச் சொல்வது போல ஆகிவிட்டது.

புலவர்மகன்

தமிழில் காது பாவம், நல்ல பேர் வாங்கவே இல்லை. காதைக் கடிப்பது ரகசியம். காதில் பூச்சுற்றுவது ஏமாற்று. காதும் காதும் வைத்தாற்போல் முடிப்பது மூடி மறைப்பு. சுவருக்குக்கூடக் காது இருக்கிறது என்று பயமுறுத்துகிறோம். கொஞ்சம் மரியாதையாக இருப்பது செவி மட்டும்தான், அது கேள்விச் செல்வம், செவிக்கு உணவு என்று மேடை ஏறிவிடுகிறது. காது வீட்டுக்குள் கிடக்கிறது.

மேலாளர் கேட்பதற்கு ஒற்றாடல் அதிகாரத்தில் பதில் இருக்கிறது. 'ஒற்றும் உரைசான்ற நூலும் இவையிரண்டும் தெற்றென்க மன்னவன் கண்' (581). ஒற்றனும் நூலும் அரசனுக்கு இரண்டு கண். அதாவது வெளியே என்ன நடக்கிறது என்ற செய்தி ஒரு கண், படித்த அறிவு இன்னொரு கண். பார்ப்பதும் தெரிந்துவைத்திருப்பதும் வேறு வேறு என்று மேலாளர் பிரிக்கிறார். குறளில் தெரிந்துவைத்திருப்பதற்கே கண் என்றுதான் பெயர். அந்தக் கண்ணில் எண்ணெய் விட்டால் அது தகவலுக்கும் சேர்த்துத்தான்.

இராக்காவல்

அதே அதிகாரத்தில் ஒருவரை ஒருவர் அறியாத மூன்று ஒற்றர் சொல்வது ஒத்துப்போனால்தான் நம்பவேண்டும் என்று ஒன்று வருமே (589). எங்கள் வேலையில் அச்சு அசல் அதுதான் விதி. ஒரு கேமராவில் ஆள் தெரிந்தால் போதாது, கதவு உணரியும் சத்தம் போடவேண்டும், வாசலில் இருப்பவரும் வானொலியில் சொல்லவேண்டும். பூனைக்கு எத்தனை தடவை ஓடியிருக்கிறோம் தெரியுமா?

அச்சுப்பிழை

புலவர்மகன், கையேட்டில் குறளைப் போட்டால் ஊழியர்கள் சுவரில் மாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள் என்பார் மேலாளர். அவரை எனக்குத் தெரியும்.

இரட்டைக்கிளவி

ராத்திரி இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். எச்சரிக்கைக்கு நாம் வைத்திருக்கிற சொற்களை வரிசையாகப் பாருங்கள். விழிப்பு, அது விழி. ஜாக்கிரதை, வடமொழியில் விழித்திருக்கும் நிலை. எச்சரிக்கை, இதற்கு உறவான கன்னடச் சொல் 'எச்சர', தூக்கம் கலைந்த நிலை. உஷார், பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்தது, அங்கே 'ஹோஷ்' என்றால் நினைவு, சுயநினைவு. நாலு மொழியிலிருந்து வந்த நாலு சொல்லும் ஒன்றைத்தான் சொல்கின்றன: தூங்காதே.

விளக்கெண்ணெயும் அந்தக் குடும்பம்தான். விளக்கோ இமையோ, ராத்திரி முழித்திருக்கிறவனின் தொடர். அந்த அளவில் மேலாளர் சொன்னது சரி என்று மறுபடியும் சொல்கிறேன். முழித்துக்கொண்டே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். அதற்குத் தமிழில் தனிச் சொல்லே இருக்கிறது, 'திருதிருவென முழிப்பது'.

கரிசல்காடு

அண்ணாச்சி ஒரு சொல்லை விட்டுவிட்டீர்கள். விவரம்.

'அவன் விவரமான ஆளு' என்றால் என்ன பொருள்? தகவல் தெரிந்தவன் என்பது சொல்லுக்குள் இருக்கிறது. ஆனால் நாம் சொல்ல வருவது, அவனை ஏமாற்ற முடியாது என்பதை. 'விவரம் இல்லாத புள்ள' என்றால் அதற்குத் தகவல் போதவில்லை என்பதோடு யாரும் எளிதாக ஏய்த்துவிடுவார்கள் என்ற கவலையும் சேர்ந்தே இருக்கிறது. 'விவரம் தெரிந்த வயசு' என்று வேறு சொல்கிறோம். தெரிந்திருப்பதும் அசராமல் இருப்பதும் ஒரே சொல்லில் கிடக்கிறது. அச்சுப்பிழை தேடுவது இதைத்தான்.

எங்கள் தென்மாவட்டத்தில் 'சூதானமா இரு' என்போம், அதிலும் இந்த இரண்டும் கொஞ்சம் கலந்திருக்கும். ஆனால் எல்லா ஊரிலும் புரியாது.

இருமொழிக்காரி

விவரம்! என் மனசுக்குள் எங்கேயோ இருந்து வாய்க்கு வராமல் நின்றது இதுதான்.

அச்சுப்பிழை

கரிசல்காடு அண்ணே, கும்பிடு. 'விவரமாக இருங்கள்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்.

ஈயஎழுத்து

இழை முழுக்கப் படித்துவிட்டு எழுதுகிறேன். ஈய எழுத்துக் கோத்த காலத்திலிருந்து மெய்ப்புப் பார்க்கிறேன். தொழிலில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டவன் எதைப் பார்க்கிறான், எதை விடுகிறான் என்று சொன்னால் அச்சுப்பிழைக்கு உதவும்.

ஒரு தடவை பெரிய சுவரொட்டி ஒன்று. அடியில் பொடி எழுத்தில் இருபது வரி. மூன்று பேர் மாற்றி மாற்றிப் படித்தோம். பொடி எழுத்தில் ஓர் ஒற்றுப்பிழை, ஒரு காற்புள்ளி என்று பொறுக்கிப் பொறுக்கி எடுத்தோம். அச்சாகி வந்து சுவரில் ஒட்டியபின் ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடப் பையன் சத்தமாக வாசித்தான்: "விழிப்புணவு முகாம்." ஓர் அடி உயர எழுத்தில் 'ர்' இல்லை. மூன்று பேருக்கும் கண் நன்றாகத்தான் இருந்தது. எண்ணெயும் போதுமான அளவு இருந்தது. தலைப்பில் பிழை வராது என்று நாங்களே முடிவுகட்டிவிட்டோம், அதனால் அங்கே பார்க்கவே இல்லை.

அன்றிலிருந்து தலைப்பைக் கடைசியில் இருந்து முதலுக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பேன். பிழை எங்கே ஒளியும் என்று தெரிந்திருக்கவேண்டும், அப்புறம்தான் கண். நீங்கள் மேலாளர் என்று சொல்கிறவர் இதைத்தான் வேறு மாதிரி கேட்கிறார் என்று நினைக்கிறேன்.

இராக்காவல்

விழிப்புணவு. ராத்திரி ஷிப்டில் எங்களுக்குத் தேவையானது அதுதான்.

கண்ணாடிக்காரி

ஈயஎழுத்து ஐயா சொன்னதுதான் கண் விஷயத்திலும். விழித்திரையில் விழுவதெல்லாம் நாம் பார்த்ததாக ஆகாது. கவனம் போகாத இடத்தில் யானை நின்றாலும் தெரியாது. சோதித்துப் பார்த்தால் கண் பழுதில்லாமல் இருக்கும், எண்ணெயால் அதைச் சரிசெய்யவும் முடியாது.

அச்சுப்பிழை

மேலாளரிடமிருந்து பதில் வந்துவிட்டது. 'விவரமாக இருங்கள்' வேண்டாமாம். "பொருள் சரி, ஆனால் ஊழியரைப் பார்த்து உனக்கு விவரம் பத்தாது என்று சொல்வது போல இருக்கிறது" என்கிறார். யோசித்தால் நியாயம்தான். 'விவரமானவன்' என்று ஒருவனைப் புகழலாம், 'விவரமாக இரு' என்று சொன்னால் அதில் ஒரு குட்டு விழுகிறது.

நான் விடவில்லை. ஈயஎழுத்து ஐயாவின் சுவரொட்டிக் கதையை அப்படியே அவருக்குச் சொன்னேன் (பெயர் ஊர் எதுவும் இல்லாமல்). சிரித்தார். அப்புறம் இருவரும் உட்கார்ந்து பிரித்தோம். புதிய மோசடிகளைப் பற்றிய அத்தியாயங்கள் 'என்ன நடக்கிறது என்று விவரம் தெரிந்துவைத்திருங்கள்' என்று முடியும். 'தெரிந்துவைத்திருங்கள்' சேர்ந்ததும் அந்தக் குட்டு போய்விட்டது. மின்னஞ்சல் முகவரியையும் இணைப்பையும் எழுத்து எழுத்தாகச் சரிபார்க்கச் சொல்லும் அத்தியாயத்தில் மட்டும் விளக்கெண்ணெய். பூஜ்யத்தையும் 'ஓ' எழுத்தையும் மாற்றி வைத்து ஏமாற்றுகிற இடம் அது. அங்கே இதைவிடப் பொருத்தமான தொடர் கிடையாது என்று அவரே சொன்னார்.

ஒரே ஒரு சிக்கல். 'விட்டுக்கொண்டு' வேண்டுமா, 'ஊற்றிக்கொண்டு' வேண்டுமா என்று கேட்கிறார். பேச்சில் ஊற்றிக்கொண்டு என்பதைத்தான் அதிகம் கேட்டிருக்கிறாராம்.

இரட்டைக்கிளவி

இரண்டும் வழக்கில் இருக்கிறது, இரண்டும் சரி. ஊற்றுவதில் ஒரு மிகை இருக்கிறது, கேலியாகச் சொல்லும்போது அது பொருந்தும். கையேட்டுக்கு 'விட்டுக்கொண்டு' அடக்கமாக இருக்கும்.

சொல்லவேண்டாம் என்று பார்த்தேன், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் 'விடுவது' என்றால் முதலில் எனக்கு ஞாபகம் வருவது அகல்விளக்குதான்.

இருமொழிக்காரி

ஐயா!

இரட்டைக்கிளவி

ஒத்துக்கொண்டேன் என்று அர்த்தம் இல்லை. மராத்தி இன்னும் பாக்கி இருக்கிறது.

அச்சுப்பிழை

'விட்டுக்கொண்டு' என்றே போட்டுவிட்டேன். நாளைக் காலை அச்சுக்குப் போகிறது. அதற்கு முன்னால் அட்டையில் இருக்கிற தலைப்பைக் கடைசியில் இருந்து முதலுக்கு ஒரு தடவை படித்துவிட்டு வருகிறேன்.